மூன்றாவது மேசைக்காரி

மெக்சிகோ நகரம்
மார்ச் 6, 1950

எர்லிந்தா அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் அடுப்பில் போடாமல் பிரித்தாயே, அதுவே பெரிது. அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் உன்னைப் பார்த்தது. நாலு வருஷம் ஆகிறது. "உள்ள வராத, ஊர் சனம் பூரா இருக்கு" என்றாய். பூ விற்கிறவளோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு ரயிலேறினேன். அதற்காகச் சண்டை போட இதை எழுதவில்லை. சண்டை போடுகிற தெம்பெல்லாம் போய்விட்டது.

எனக்கு முப்பத்தாறு முடிகிறது. இடது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. காபரேயில் ஆடுவதை விட்டு மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது சினிமாவில் கூட்டத்தில் ஒருத்தி. இந்த ஊரில் எடுக்கிற படம் பாதி காபரேக் கதைதான். நல்ல வீட்டுப் பெண் ஒருத்தி ஏமாந்து, கெட்டு, இறகு உடுப்பில் ரும்பா ஆடி, கடைசி ரீலில் செத்துப்போவாள். அவள் ஆடும்போது சுற்றி மேசைகளில் குடிகாரர்கள் வேண்டுமே. மூன்றாவது மேசை என்னுடையது. திரையில் நள்ளிரவு, எங்களுக்குக் காலை பத்து மணி. ரம் என்று ஆறின தேநீரை ஊற்றித் தருகிறார்கள். போன வாரம் டைரக்டர் என்னைப் பார்த்து, "இந்தம்மா காபரேக்காரி மாதிரியே இல்லையே, தையல்காரி மாதிரியில்ல இருக்காங்க" என்றார். பதினோரு வருஷம் நிஜமாகவே ஆடினவள் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கு என்று தேநீரைக் குடித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் பதினாலாம் தேதி மத்தில்தேக்குப் பதினைந்து முடிகிறது. அன்று ஊர் வழக்கப்படி கோயிலில் அவளுக்காக நன்றிப் பூசை வைப்பாய் என்று தெரியும். நான் வரட்டுமா? பெற்றவள் என்று சொல்லிக்கொண்டு வரமாட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். யாராவது கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல். அவள் உன்னைத்தான் அம்மா என்கிறாள், அது அப்படியே இருக்கட்டும். நீளப் பாவாடை கட்டிக்கொண்டு அவள் நடந்துபோவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

தெல்ஃபினா


ஒரிசாபா
மார்ச் 19

தெல்ஃபினா,

கடிதம் வந்தது. முடியாது.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், உன் அத்தான் கிறிஸ்பின் சுகம். ஆலையில் தறிச் சத்தத்திலேயே நின்று காது அடைத்துப்போனதைத் தவிர வேறு குறையில்லை. மத்தில்தே படிக்கிறாள். இந்த வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. பங்குக் கோயில் மாதர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பார்க்கக்கூடாத படங்களின் பட்டியலைக் கோயில் கதவில் வாராவாரம் ஒட்டுகிறவளும் நான்தான். உன் படங்கள் எல்லாம் கடைசிப் பத்தியில், சிவப்பு மையில் இருக்கின்றன. என் கையாலேயே ஒட்டுகிறேன்.

கடைசி வரிசையாம். தோள் தெரிகிற உடுப்பில், கையில் விசிறியோடு, மீசைக்காரத் தடியன் ஒருத்தன்மேல் சாய்ந்து, கடைவாய்ப் பல் விழுந்த ஓட்டை தெரிகிற அளவுக்கு வாயைத் திறந்து சிரிக்கிறவளை எந்த வரிசையில் உட்கார வைப்பது? பாதிரியார் கேட்டால் என்ன சொல்வது?

பெண்ணுக்கு நான் குறை வைக்கவில்லை. இனி எழுதாதே.

எர்லிந்தா


மெக்சிகோ நகரம்
ஏப்ரல் 2

அக்கா,

அந்தப் பல் போன வருஷம் ஜூலையில்தான் விழுந்தது. அதற்குப் பிறகு நீ என்னைப் பார்க்கவேயில்லை. விசிறியும் மீசைக்காரனும் ஒரே ஒரு படத்தில்தான், அதுவும் நாலு விநாடி. இமைத்தால் போய்விடுவேன். நீ இமைக்கவில்லை போலிருக்கிறது.

அடி கள்ளி! பட்டியலை ஒட்டிவிட்டு அதைப் பார்த்தே படத்துக்குப் போகிறாயா? எத்தனை தடவை பார்த்தாய்? என் ஓட்டைப் பல்லை எண்ணுகிற அளவுக்கு?

ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரி வந்து என்னவென்று கேட்டாள். எங்க அக்காவுக்குப் பாவம் பிடிச்சிருக்கு என்றேன்.

எனக்கு உண்மையாகப் பதில் எழுது.

தெல்ஃபினா


ஒரிசாபா
மே 4

தெல்ஃபினா,

ஒரு மாதம் யோசித்தேன். பொய் சொன்னால் அதையும் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

வியாழக்கிழமைகளில் பேருந்தில் கோர்தொபா போகிறேன், பல் டாக்டரைப் பார்க்க என்று சொல்லிவிட்டு. போன மாதம் கிறிஸ்பின் கேட்டார், "உனக்கு மொத்தம் எத்தன பல்லுடி இருக்கு?" அந்த ஊர்க் கொட்டகையில் மத்தியான ஆட்டம். முதல் தடவை போனது உன்னை யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களா என்று பார்க்க. இதை நம்பு. இரண்டாம் தடவைக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. நான் மட்டும் இல்லை. இருட்டு பழகியதும் பார்த்தால், சால்வையை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நாலாவது வரிசையில் சங்கத் தலைவி ப்ருதென்சியா அம்மாள். அவருக்குப் பின்னால் பொருளாளர். மெழுகுவர்த்திக் கடைக்காரி. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். அடுத்த பட்டியலில் எதைச் சேர்ப்பது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

ஒரு படத்தில் கதாநாயகி மேடை ஏறப்போகிற நேரத்தில் தந்தி வருகிறது, பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல் என்று. ஆடித்தான் ஆகவேண்டும் என்கிறான் முதலாளி. ஆடுகிறாள். இடுப்பு ஆடுகிறது, முகம் அழுகிறது. கைக்குட்டை போதாமல் சால்வை நுனியைக் கடித்துக்கொண்டு அழுதேன். கோயிலில்கூட நான் அப்படி அழுததில்லை. அவளுக்காக அழுதேன் என்று நினைத்தேன். பேருந்தில் திரும்பும்போதுதான் தெரிந்தது, எனக்கு அவள்மேல் பொறாமை. அவளுக்கு ஓர் அநியாயம் நடந்தால் அறுநூறு பேர் பார்க்கிறார்கள். பத்துப் பேர் வயலின் வாசிக்கிறார்கள். நான் விடிகாலையில் எழுந்து சோளம் அரைக்கிறேன், ரொட்டி தட்டுகிறேன், அவருடைய சட்டையைத் துவைக்கிறேன், இந்த ஊர்த் தூறலில் அது மூன்று நாளைக்குக் காய்வதில்லை. இருபது வருஷமாக எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்கு எந்த வாத்தியமும் வாசிக்கவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனாலும் வராதே. படத்தில் அவள் பிள்ளைக்காகக் கெட்டாள். நீ ஆடப் பிடித்து ஆடப் போனாய். அவளை மன்னிக்க முடிகிறது, உன்னை முடியவில்லை. எனக்கே இது நியாயமாகப் படவில்லைதான்.

எர்லிந்தா


மெக்சிகோ நகரம்
மே 21

அக்கா,

ஆமாம். பிடித்துத்தான் போனேன்.

மழையில் யாரும் என்னைத் தெருவில் தள்ளவில்லை. நல்ல வெயிலில், மத்தியானப் பேருந்தில், அவரைக்கொட்டை மசியல் வைத்த ரொட்டி இரண்டைக் கட்டிக்கொண்டு போனேன். நீதான் கட்டிக் கொடுத்தாய். மத்தில்தேயின் அப்பன் வில்லனும் இல்லை. ட்ராம்போன் வாசிப்பான், உட்கார்ந்த இடத்தில் தூங்குவான். தம்பிகோ துறைமுகத்துக்கு ஒரு பேண்டோடு போனவன் கடிதம் போடச் சோம்பல்பட்டு அப்படியே இருந்துவிட்டான். இதை வைத்து யார் படம் எடுப்பார்கள்?

காலூன்றிக்கொண்டு அடுத்த வருஷம் பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு அதற்கடுத்த வருஷம். பிறகு, அவள் உன்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள் என்று அம்மா எழுதினாள். அன்றைக்கும் ஆடினேன். நன்றாகவே ஆடினேன். முகம் அழவில்லை, முகம் அழுதால் மறுநாள் வேலை இல்லை. அறைக்கு வந்து உப்பு வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெந்நீர் ஆறிய பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். படம் வெளிவந்ததும் நானும் கொட்டகைக்குப் போய்ப் பார்க்கிறேன். ரம் எல்லாம் தேநீர் என்று தெரியும். தந்தி கொண்டுவருகிற ஆள் மேக்கப்காரனின் மைத்துனன் என்று தெரியும். இருந்தும் அவள் சாகும்போது மூக்கைச் சிந்துகிறேன். அப்படிச் செத்தால் எவ்வளவு சுலபம், எல்லோரும் கட்டிலைச் சுற்றி வந்து நிற்கிறார்கள், பிள்ளை வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு முழங்காலைத் தவிர உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, அக்கா. நல்ல பசி எடுக்கிறது. செத்தால்தான் கதவைத் திறப்பாய் என்றால் சொல்லிவிடு, நான் வீணாகக் காத்திருக்க வேண்டாம்.

தெல்ஃபினா


ஒரிசாபா
ஆகஸ்ட் 24

தெல்ஃபினா,

மூன்று மாதமாக எழுதவில்லை. இப்போது எழுதாமல் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை உன்னைக் கொன்றுவிட்டேன்.

பூசைக்குப் பெண்ணின் ஞானஸ்நானச் சான்று வேண்டும் என்று பாதிரியார் கேட்டார். அவளுக்கு வெராக்ரூசில் ஞானஸ்நானம் கொடுத்தோம், நினைவிருக்கும். எழுதிக் கேட்டிருந்தேன். நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் தபால்காரர் வந்து உறையை மத்தில்தேயிடம் கொடுத்துவிட்டார். வீட்டுக்குள் நுழைந்தால் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, தாய் பேருன்னு போட்டிருக்கு, தெல்ஃபினா கராஸ்கோ. அது யாரு?"

பையிலிருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அதற்குள் ஏதாவது தோன்றும் என்று. "என் தங்கச்சி" என்றேன்.

"எங்க இருக்கா?"

"செத்துட்டா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எப்படி, எப்படி என்று கேட்டாள். என் வாய் நிற்கவில்லை. நெஞ்சு நோய் என்றேன். கைக்குழந்தையாக இருந்த உன் பசிக்குப் பால் வாங்க இருந்த ஒரே சங்கிலியை விற்றாள் என்றேன். வெள்ளைக் கட்டில், சன்னல் திறந்திருந்தது, கீழே தெருவில் பேண்டு வாத்தியக்காரர்கள் போனார்கள், அந்தச் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டே, உன்னை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள் என்றேன். சொல்லும்போது நானே அழுதுவிட்டேன். எங்கிருந்து எடுத்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு நாளாக அழுதுகொண்டே இருக்கிறாள். பூசையில் உன் ஆன்மாவுக்காகத் தனியாக ஒரு ஜெபம் வேண்டும் என்கிறாள். இன்று வியாழன். நான் கோர்தொபா போகவில்லை.

எர்லிந்தா


மெக்சிகோ நகரம்
ஆகஸ்ட் 31

அக்கா,

நீ எழுதியதில் ஒரே ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டு நாளாக அழுகிறாள் என்ற வரி. எனக்காக யாரும் இரண்டு நாள் அழுததில்லை. அதனால் உன்மேல் கோபம் வர வேண்டிய இடத்தில் வரவில்லை.

பிறகு வந்தது. கடைசி வரிசையைக் கேட்டேன், அதையும் மூடிவிட்டாய். எனக்காக ஜெபம் சொல்கிற இடத்தில் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவேன்?

சங்கிலி எதுவும் என்னிடம் இருந்ததில்லை. அதையாவது விட்டிருக்கலாம்.

தெல்ஃபினா


ஒரிசாபா
செப்டம்பர் 17

தெல்ஃபினா,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே திட்டாமல் படி.

பத்தாம் தேதி ஞாயிறு. மத்தில்தே ஒரு சிநேகிதி வீட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று போனாள். சாயங்காலம் வந்தவள் என் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மா சாகறத இன்னிக்குக் கோர்தொபால பாத்தேன்" என்றாள். "வெள்ளக் கட்டிலு. சன்னலு. கீழ பேண்டு வாத்தியம். சங்கிலிகூட இருந்துச்சு."

சிநேகிதியின் அம்மாவுடைய குதிகால் செருப்பைப் போட்டுக்கொண்டு, உதட்டில் சாயம் பூசி, பெரியவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய படத்துக்கு இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். அதற்காக அறையக் கை ஓங்கினேன். "அது என்ன படம்னு உனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றாள். கையை இறக்கிவிட்டேன்.

"அவ இருக்காளா, இல்லையா?"

இருக்கிறாள் என்றேன். எங்கே என்றாள். மறு வியாழன் பள்ளிக்கு லீவு போடச் சொல்லி, அந்த விசிறிப் படம் அங்கே திரும்பவும் ஓடுகிறது என்று, அவளையே கூட்டிக்கொண்டு போனேன். ப்ருதென்சியா அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டார். பார்க்கட்டும். "மூணாவது மேசை. மீசக்காரன் கொஞ்சம் நகருவான், அப்பத் தெரிவா" என்று அவள் காதில் சொன்னேன். அவன் நகர்ந்தான். நீ சிரித்தாய். ஆட்டம் முடிந்து எழுந்தேன், அவள் எழவில்லை. அடுத்த ஆட்டமும் பார்த்தோம். அந்த நாலு விநாடிக்காக முழுப் படத்தையும்.

பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் பேசினாள்.

"நல்லாத்தான இருக்கா. சிரிக்கிறா. ஒரு நாளு ரயிலேறி வந்து பாத்திருக்கலாமில்ல?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மறுபடி சொன்னாள்.

"செத்தவளுக்காக ரெண்டு நாள் அழுதேன். இவளுக்காக ஒரு சொட்டு வரல. வர வேணாம்னு எழுதிரு."

எழுதிவிட்டேன். நீ வருகிறேன் என்று கேட்டதையும் நான் தடுத்ததையும் அவளிடம் சொல்லவில்லை.

எர்லிந்தா


மெக்சிகோ நகரம்
செப்டம்பர் 29

அக்கா,

சொல்லாதே. நீ தடுத்ததைச் சொல்லவே சொல்லாதே. அவள் உன்னோடுதான் இருக்க வேண்டும், உன் கையால்தான் சாப்பிட வேண்டும். நம் இரண்டு பேரில் ஒருத்தியாவது நல்லவள் என்று அவள் நினைத்துக்கொண்டு வளரட்டும். கெட்டவள் வேஷம் எனக்குப் பழக்கம்.

ஆனால் வருகிறேன். பூசைக்கு இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்னால், அக்டோபர் ஏழாம் தேதி. மத்தியான ரயிலில் ஒரிசாபா ஸ்டேஷனில் இறங்கி, காத்திருக்கிற அறையில் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் ஆறு மணி ரயிலில் திரும்பிவிடுவேன். வீட்டுப் பக்கம் வரமாட்டேன். அவளுக்குக் கோபம் இருக்கிறது அல்லவா? செத்தவள்மேல் கோபப்பட முடியாது. நான் உயிரோடு இருக்கிறேன், என் முகத்துக்கு நேரே நின்று கத்தலாம், நான் எழுந்து போகமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடு. வராவிட்டாலும் சரி. எனக்குக் காத்திருப்பது பழகிப்போயிற்று, ஒரு ஷாட்டுக்கு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

தெல்ஃபினா


ஒரிசாபா
அக்டோபர் 7, மத்தியானம்

தெல்ஃபினா,

இதை உன் கையில் கொடுப்பவள் மத்தில்தே. உள்ளே தலை வாரிக்கொண்டிருக்கிறாள், அதற்குள் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. வழியில் படித்தால் படிக்கட்டும்.

நீ சொன்னபடி நான் செய்யவில்லை. உன் தியாகமெல்லாம் படத்துக்குச் சரி. புதன்கிழமை சமையலறையில் வைத்து, நீ ஸ்டேஷனில் வந்து காத்திருக்கப்போவதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவ வர்றேன்னுதான் எழுதினா. நான்தான் வராதேன்னேன். ரெண்டு தடவ." தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு, ஏன் என்றாள். ஊர் என்ன சொல்லும் என்றுதான் சொல்லப் பார்த்தேன். வாயில் வேறு வந்தது. "நீ அவகூடப் போயிருவியோன்னு பயந்தேன்" என்றேன்.

அதிலிருந்து என்னோடு பேசவில்லை. மூன்று நாள். காது கேட்காத கிறிஸ்பினே, "வீடு ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று கேட்டார். இன்று காலை, ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றாள். துணைக்கு வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். பழைய சிறு பெட்டி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்று நான் திறந்து பார்க்கவில்லை.

கத்துவாள், கேட்டுக்கொள். அழுதால், கைக்குட்டை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டாள், உன்னுடையதைக் கொடு. அடுத்த சனிக்கிழமை பூசைக்கு நீ வருகிறாய். யார் கேட்டாலும் என் தங்கை என்று சொல்வேன். சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன், இனிப் பட்டியலை வேறு யாராவது ஒட்டட்டும்.

திரும்பி வருவாயா என்று அவளிடம் கேட்க வேண்டும். வாசல்வரை போய்ப் போய்த் திரும்புகிறேன், வாய் வரவில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன். அவளைப் பெற்றவள் நீ, கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஆறு மணி ரயிலில் நீ மட்டும் ஏறு. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடு, தெல்ஃபினா.

எர்லிந்தா